கார்டில் பேர் இல்லாதவள்

என்னிடம் செவிலியர் படிப்புக்கு வந்து சேரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பின் கோட்பாடுகள் என்று அதற்குப் பேர். எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும், ஊர்மக்களும் கூட நிற்க வேண்டும், மற்றத் துறைகளும் கை கொடுக்க வேண்டும், அந்த ஊருக்குத் தோதான கருவியும் முறையும் வேண்டும், நோய் வந்த பிறகு ஓடாமல் வருமுன் தடுக்க வேண்டும். மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, மேடம் பாராட்டுவார்கள் என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பாராட்டுவதில்லை.

"மொதல்ல சொன்னியே எல்லாருக்கும்னு, அந்த எல்லாரும் யாரு யாருன்னு எண்ணிச் சொல்லு" என்பேன். பிள்ளை முழிக்கும். பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கும். அதுவும் முழிக்கும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று கல்லூரி முழுக்கப் பேர், ஆனால் இந்த முழிப்புக்கு மட்டும் நான் கோபப்பட மாட்டேன். இதே கேள்விக்கு நான் முழித்ததுகூட இல்லை. தப்பான பதிலை அழகான கையெழுத்தில் எழுதி, கோடு போட்டு, அட்டை ஒட்டிக் கொடுத்தவள் நான்.

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பில் நான்தான் முதல். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஊசி போடக் கை நடுங்காது, எங்கள் மேடம் கேள்வி கேட்டு முடிக்கும் முன் பதில் வாயில் இருக்கும். வாயும் கொஞ்சம் நீளம். "ஒனக்கு நர்சு வேலைய விட வக்கீல் வேலதான் பொருத்தம்" என்று என் தோழி சொல்வாள். அவள்தான் கிராமப் பயிற்சியில் எனக்கு ஜோடி. எதற்கும் அவசரப்படாதவள். ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு ஆட்டுக்குட்டி வரை நலம் விசாரித்துவிட்டுத்தான் படிவத்தை எடுப்பாள். அவளோடு போவது எனக்குப் பெரிய இம்சையாக இருந்தது.

பயிற்சிக்கு எங்களுக்குக் கொடுத்த ஊர் ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவில். காலையில் கல்லூரி வேனில் ஏறி, அரியலூர் வழியில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஜெயங்கொண்டத்தில் டீ குடித்து, ஊரை எட்டும்போது வெயில் ஏறியிருக்கும். நாங்கள் போனது முந்திரி விழும் பருவம். விடிவதற்குள் பெண்கள் எல்லாரும் பொறுக்கக் கிளம்பிவிடுவார்கள். தெருவில் பாதி வீடு பூட்டியிருக்கும். தெரு நெடுக முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டிருப்பார்கள். அதை மிதிக்காமல் ஓரமாக நடந்து வீடு வீடாகக் கணக்கெடுப்பதுதான் எங்களுக்கு முதல் வேலை.

ஆளுக்கு இருபத்தைந்து வீடு. வீட்டில் எத்தனை பேர், வயது என்ன, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டா. கேட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பெரியவருக்கு வயது என்ன என்றால் அந்த வருஷம் வந்த புயலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டு வீட்டில் பட்ட பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசலில் நின்றதும், "ரேஷன் கார்ட எடுத்துட்டு வாங்கம்மா" என்று கேட்டுவிடுவது. கார்டைக் கேட்டால் எந்த வீட்டிலும் பேச்சில்லாமல் எடுத்து வந்து நீட்டுவார்கள். அதில் உள்ள பேர்களை வரிசையாக எழுதிக்கொள்வது, ஒவ்வொரு பேருக்கும் நோய் உண்டா இல்லையா என்று ஒரு டிக். முடிந்தது வேலை.

தோழி தன் ஐந்தாவது வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் பதினைந்தை முடித்திருந்தேன். எங்களோடு ஊருக்கு வந்திருந்த மேடம் என் படிவங்களைப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டு, "இப்படிக் கார்ட வாங்கி எழுதுங்க, பேரு வயசெல்லாம் தப்பு வராது" என்று சொன்னார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்று வேனில் திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

கணக்கெடுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் அந்த வீட்டுக்குப் போய்வந்து, அவர்கள் உடல்நலத்தைப் பற்றி எழுத வேண்டும். தோழி வேண்டுமென்றே ஒரு சிக்கலான வீட்டை எடுத்தாள், காலில் புண் ஆறாத சர்க்கரைக்காரர். நான் கெட்டிக்காரி இல்லையா, ஒரு தொந்தரவும் இல்லாத வீடாகப் பார்த்து எடுத்தேன். கார்டில் மூன்று பேர். அப்பா கொத்து வேலைக்கு வெளியூர் போய்விட்டார், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், வீட்டில் அம்மா மட்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். நோய் நொடி எதுவும் இல்லை. கர்ப்பிணி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இப்படிப்பட்ட வீடு அமைந்தால் ஒரே நாளில் நோட்டை எழுதி முடித்துவிடலாம்.

ஒன்று மட்டும் உறுத்தியிருக்க வேண்டும். ஊரே முந்திரிக்குப் போயிருக்கும்போது அந்த அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். முதல் நாளே, "நீங்க போவலயாம்மா?" என்று கேட்டேன்தான். "வூட்டுல வேல கெடக்கு பாப்பா" என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் பத்து நிமிடம் போகும் என்று பயம்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அன்று தோழி என்கூட வந்திருந்தாள். எங்கள் பைக்கு ஒரு முறை உண்டு. தரையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல்தான் பையை வைக்க வேண்டும், கை கழுவிய பிறகுதான் திறக்க வேண்டும், உள்ளே உள்ள சாமானை வரிசையாக எடுத்து வைக்க வேண்டும். பிரஷர் பார்க்கும் கருவி, வெப்பமானி, சிறுநீர் சோதிக்கும் கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு. எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கிவிடும். செய்தித்தாளை விரித்துவிட்டு, "கை கழுவக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றேன். அந்த அம்மா எழுந்திருப்பதற்குள் உள் அறைக் கதவின் இடுக்கிலிருந்து ஒரு கை சொம்பை நீட்டியது.

அந்தக் கையில் மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரை சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். வளைகாப்பு வளையல் என்று பார்த்ததும் தெரிந்தது. அத்தனை வளையல் இருந்தும் சொம்பை நீட்டும்போது ஒரு சத்தம் வரவில்லை. ஒவ்வொரு வளையலும் சதைக்குள் பதிந்து நின்றது. கை அவ்வளவு வீங்கியிருந்தது.

"உள்ள யாரும்மா?" என்று கேட்டேன்.

"எம் பொண்ணுதான். தலப்பிரசவத்துக்கு அழைச்சிட்டு வந்துருக்கோம்."

"அன்னிக்கி வூட்டுல மூணு பேருன்னு சொன்னீங்களே?"

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவள அரும்பாவூருல கட்டிக் குடுத்தாச்சுல்ல? கார்டுல பேர எடுத்து அவ மாமியா வூட்டுக் கார்டுல சேத்தாச்சு. அவ எப்புடி எங்க வூட்டுக் கணக்குல வருவா?"

அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரில் எந்தத் தாயும் சொல்லும் பதிலைத்தான் சொன்னார். கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டில் பத்து மாதம் இருந்தாலும் விருந்தாளிதான். அரும்பாவூரில் கணக்கெடுத்தால் 'தாய்வீட்டுக்குப் போயிட்டா' என்று சொல்லியிருப்பார்கள். தாய்வீட்டில் கார்டில் பேரில்லை. ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு இரண்டு ஊருக்கும் இல்லாமல் போனாள். போகவிட்டது கார்டு இல்லை, கார்டைக் கேட்டு வாங்கிய நான்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை விட மூன்று நான்கு வயது மூத்தவள். முகம் உப்பி, கண் இரண்டும் சின்னதாகத் தெரிந்தது. கால்விரலில் மெட்டி இல்லை. கழற்ற முடியாமல் வெட்டி எடுத்ததாகச் சொன்னாள்.

"தல வலிக்குதாக்கா?"

"ரொம்ப நாளா வலிக்குது சிஸ்டர். காலையிலேருந்து கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு."

பிரஷர் பார்த்தேன். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று மறுபடி பார்த்தேன். அதே கணக்கு. தோழியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தாள். குழாயில் சிறுநீரை வைத்து மேல்பகுதியைச் சூடு காட்டினோம். முட்டையின் வெள்ளைக்கரு வெந்த மாதிரி திரண்டது. அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டும் கரையவில்லை. சிறுநீரில் புரதம் போகிறது. கர்ப்பத்தில் வீக்கம், தலைவலி, பிரஷர், புரதம் நான்கும் ஒன்றாக வந்தால் எந்த நிமிடமும் வலிப்பு வரலாம். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இது எனக்கு மனப்பாடம். பக்க எண்ணோடு மனப்பாடம்.

தோழி மேடத்தைக் கூட்டி வர ஓடினாள். மேடம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார்கள். நான் அந்த அம்மாவிடம், "உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்மா. இப்பவே" என்றேன்.

"இப்ப முடியாது பாப்பா" என்றார், கடையில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக.

"ஏம்மா?"

"எட்டாம் மாசம் நடக்குது. எட்டுல புள்ளத்தாச்சிய ஊர் எல்ல தாண்ட வுடுறதில்ல. அதுக்குத்தான் ஏழுலயே வளகாப்பு போட்டு அழைச்சிட்டு வந்தோம். இன்னும் பன்னெண்டு நாளு. ஒம்போது பொறந்ததும் நானே அழைச்சிட்டுப் போறேன்."

எனக்கு விளங்கிவிட்டது. இந்தப் பெண் இங்கே வந்த நாளிலிருந்து ஒரு சோதனைக்கும் போகவில்லை. போகக் கூடாத மாதம் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாள். அவளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு என்றால் என்ன, ஏன் வருகிறது, என்னென்ன ஆகும் என்று வகுப்பில் ஒப்பிப்பது போல. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா பாப்பா?" என்றார்.

"இல்லம்மா."

"நான் ரெண்டு பெத்தவ. தலப்புள்ளன்னா கை காலு வீங்கத்தான் செய்யும். எனக்கும் வீங்குச்சு."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் அங்கே வாசற்படி கூடத் தாண்டவில்லை. கோபம் வந்துவிட்டது எனக்கு. "ஒங்க பொண்ணு செத்துப்போனா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"மொதல்ல வாயக் கழுவு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. விரித்திருந்த செய்தித்தாளைப் பையோடு சேர்த்து வாசல் பக்கம் தள்ளினார். "புள்ளத்தாச்சி இருக்குற வூட்டுல இந்தப் பேச்சா பேசுவ? கெளம்பு."

என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி வெளியே அனுப்பியதில்லை. அவமானத்தில் காது சுட்டது. கிளம்பியிருப்பேன், உள்ளே அந்த அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு முனகும் சத்தம் கேட்காமல் இருந்திருந்தால். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "சொன்னது தப்புத்தாம்மா, மன்னிச்சுக்குங்க. ஆனா நான் போவ மாட்டேன்" என்றேன். அவரும் அடம்பிடிக்கும் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். நான் கேட்காமலே, தனக்குள் பேசுவது மாதிரி சொன்னார்: "நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா சம்மந்தி வூட்டுக்கு நான் என்ன பதிலு சொல்றது? எட்டுல ஏன் வெளிய எடுத்தன்னுதான கேப்பாங்க?"

அதுவரை அவர் எட்டாம் மாதத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் பயந்தது சம்பந்திக்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. நல்லபடியாக நடந்தால் பிள்ளை அவர்கள் பிள்ளை, ஏதாவது ஆனால் குற்றம் இவர்கள் குற்றம். அந்தப் பாரத்தை ஒற்றையாகச் சுமந்துகொண்டு, முந்திரிக்கும் போகாமல், மகளுக்குக் காவல் இருந்திருக்கிறார். அவருக்கு வேண்டியது பாடம் இல்லை. அவர் பயந்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை.

"ஒங்க சம்மந்தியம்மா நம்பர் குடுங்க" என்றேன்.

அந்த அம்மா தயங்கினார். உள்ளிருந்து மகளே நம்பரைச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன். வெங்காயம் அறுக்கும் கூலி ஆட்கள் யாரையோ அதட்டிக்கொண்டே ஒரு குரல், "யாரு?" என்றது. எனக்கு நம்பிக்கை பாதி போய்விட்டது. மாமியார் என்றால் எப்படி இருப்பார் என்று எனக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது. ஆனாலும் விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை ஒப்பிக்கவில்லை. "ஒங்க மருமவளுக்கு பிரஷர் ரொம்ப ஏறிக் கெடக்குங்க. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவலன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்துங்க. எட்டாம் மாசம்னு அம்மா பயப்படுறாங்க."

கூலி ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு, "சம்மந்தி இருக்காங்களா அங்க?"

"இருக்கேன் சம்மந்தி."

"இந்தா பாரு சம்மந்தி. எட்டு ஒம்போதெல்லாம் என் தலையில போடு. நாளைக்கி எது ஆனாலும் ஒன்னய நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன், ஊரு கேட்டா நான் பதிலு சொல்லிக்கிறேன். மொதல்ல அவள வண்டியில ஏத்து. நான் அவளோட கர்ப்பிணி அட்டைய எடுத்துக்கிட்டு இங்கேருந்து பஸ் ஏறுறேன்."

போன் அணைந்தது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே எழுந்து, மகளுக்கு மாற்றுப் புடவை எடுத்து வைத்தார். நான் வெளியே வந்து 108-க்குப் போன் போட்டேன். மேடமும் தோழியும் வந்து சேர்ந்தார்கள். மேடம் ஒரு தடவை பிரஷர் பார்த்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து வலிப்பைத் தடுக்கும் ஊசியைத் தயாராக வைக்கச் சொன்னார்கள்.

தெரு முனையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. தெரு முழுக்க முந்திரிக்கொட்டை காய்கிறது. டிரைவர் ஹாரன் அடித்தார். பொறுக்கப் போன பெண்கள் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விஷயம் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு ஆளுக்கொரு விளக்குமாற்றை எடுத்தார்கள். அவரவர் வீட்டு முன்னால் காய்ந்த கொட்டையை இரண்டு பக்கமும் தள்ளி ஒதுக்கினார்கள். யார் வீட்டுக் கொட்டை யார் வீட்டுக் குவியலில் கலந்தது என்று அன்று யாரும் பார்க்கவில்லை. பருவம் முழுக்கக் குனிந்து பொறுக்கிய கொட்டை அது. வண்டி வீட்டு வாசல் வரை வந்தது. ஊர்மக்கள் பங்கேற்பு என்று புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கும். என் பிள்ளைகளுக்கு அந்தப் பத்தியை நான் நடத்துவதில்லை, இந்தத் தெருவைத்தான் சொல்கிறேன்.

அம்மா மகளின் மடியில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு கூட ஏறினார். மேடமும் ஏறினார்கள். வழியில் அந்த ஊசியைப் போட்டும், அன்று மாலை பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அந்த அக்காவுக்கு வலிப்பு வந்தது. சுற்றி டாக்டர், செவிலியர் எல்லாரும் இருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சுக்குழாய் அடைபடாமல் பார்த்து, மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நாள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. குறைமாதம், எடை கம்மி, ஆனால் நன்றாக அழுததாம்.

மறுநாள் மேடம் என் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். கர்ப்பிணி: இல்லை. திட்டுவார்கள் என்று நின்றேன். "ஒன்னய மட்டும் என்ன சொல்றது, இந்த வழியில எழுதுங்கன்னு எல்லாருக்கும் சொன்னது நான்தான்" என்றார்கள். அவர்கள் முகம் வாடியிருந்தது. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அழித்து எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. தப்பாக எழுதியது அப்படியே இருக்கட்டும் என்று, அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதினேன். அவள் பேர், வயது, எத்தனை மாதம், எந்த ஊரிலிருந்து வந்தவள்.

பிறகு இருபத்தைந்து வீட்டுக்கும் மறுபடி போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை, நானாகப் போனேன். இந்த முறை காலையில் போகாமல், முந்திரிக்குப் போனவர்கள் திரும்பிச் சமைக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அதற்காக மேடத்திடம் சண்டை போட்டு வேனை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். கார்டு கேட்கவில்லை. "நேத்து ராத்திரி இந்த வூட்டுல யார் யாரு படுத்திருந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரு வீட்டில் புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்து அண்ணன் வீட்டில் இருக்கும் பெண்ணும், ஊசி ஒன்றும் போடாத அவள் கைக்குழந்தையும். இன்னொரு வீட்டில் கொல்லைக் கொட்டகையில் ஒரு தாய்மாமன், இரண்டு மாதமாக இருமிக்கொண்டு. சோதித்ததில் காசநோய். எந்தக் கார்டிலும் பேர் இல்லாதவர்களுக்குத்தான் எங்கள் உதவி அதிகம் தேவைப்பட்டது. நோய்த் தடுப்பு, சமமான பங்கீடு என்று பெரிய பெரிய பேர் வைத்திருக்கிறார்களே, அதெல்லாம் ஒரு வீட்டு வாசலில் நின்று சரியான கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பதில்தான் ஆரம்பிக்கிறது. இதை நான் அடித்துச் சொல்வேன், எந்த மேடையிலும் சொல்வேன்.

பயிற்சி முடியும் கடைசி நாளன்று தோழியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சத்தியமாகச் சொல்கிறேன், பாராட்டு வாங்கத்தான் போனேன். தப்பைச் செய்தது நானென்றாலும் கண்டுபிடித்ததும் நான்தானே என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சம்பந்திகளும் வராந்தாவில் ஒரே தூக்குவாளியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மாமியார், "ஃபோன்ல பேசுனது ஒல்லியா இருக்குற இந்தப் புள்ளயா?" என்று கன்னத்தைத் தடவினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

உள்ளே அந்த அக்கா வீக்கம் வடிந்து வேறு ஆளாக இருந்தாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள், தாயின் உடம்புச் சூடு பிள்ளைக்குச் சேர்வதற்காக. தலை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தையைக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சிரித்த முகத்தோடுதான் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை.

"மொத நாளு நீங்க வந்தப்பவே நான் உள்ளதான் இருந்தேன் சிஸ்டர். அன்னிக்கே தல பொளந்துக்கிட்டு வலிச்சுது. நர்சு வந்துருக்காங்கன்னு ஒங்க கொரல வச்சு தெரிஞ்சிக்கிட்டேன். வூட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லயான்னு கேப்பீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க கார்டுல இருக்குற பேரா படிச்சுப் படிச்சுக் கேட்டீங்க. சரி, நாமளே வெளிய போயி சொல்லுவோம்னு சொவத்தப் புடிச்சி எந்திரிச்சி வந்தேன். கதவுகிட்ட வர்றதுக்குள்ள நீங்க அடுத்த வூட்டுல நின்னு கார்டு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

தோழி என் முதுகில் கை வைத்தாள். அந்தக் குழந்தையின் தலையைத் தொட்டுக்கொண்டு, வார்டில் அத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன். "அழுவாதீங்க சிஸ்டர், புள்ள முழிச்சிக்கும்" என்றாள் அந்த அக்கா.